ஐந்து கொத்துக் கலப்பையும் ஓர் இடது முழங்காலும்

ஆடிக் கடைசியில் ஒரு நல்ல மழை பெய்தது. மண்ணை அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்கிற ஈரம். கடலை போட இதைவிட நல்ல சமயம் கிடைக்காது என்று வாடகை டிராக்டர்க்காரருக்கு விடிந்ததும் போன் செய்தேன். “நாளைக்கு வந்துருவேன்க்கா” என்றார். அந்த நாளை ஒன்பதாம் நாள்தான் வந்தது. அதற்குள் எங்கள் செம்மண் வெயிலில் வெந்து ஓடுபோல இறுகிவிட்டது.

வந்த வண்டியும் பெரியது. கொய்யா வரிசைக்குள் நுழையும்போதே இரண்டு மரங்களில் கிளை முறிந்தது. சொட்டுநீர்க் குழாய் ஒன்று சக்கரத்தில் சுற்றி அறுந்தது. ஓட்டியவரைக் குறை சொல்ல முடியாது. அந்த வண்டி திரும்ப எங்கள் நிலத்தில் இடமில்லை, அவ்வளவுதான்.

இலுப்பூருக்கும் அன்னவாசலுக்கும் நடுவே மூன்றரை ஏக்கர். குவைத்தில் நான் நர்ஸாக இருந்த பத்தொன்பது வருடத்தில் வாங்கியது. என் கணவர் அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். வருடத்துக்கு ஒரு மாதம் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு குடும்பம் நடத்திய நாங்கள், ஒன்றரை வருடமாகத்தான் ஒரே வீட்டில் இருக்கிறோம். அறுந்த குழாயை இரண்டு பேரும் ஒட்டிக்கொண்டிருந்தபோது நான்தான் சொன்னேன்.

“சின்னதா ஒரு டிராக்டர் நாமளே வாங்கிருவோமா?”

அவர் உடனே தலையாட்டினார். “வாங்கலாம். ஆனா டிரெய்லரோடதான் வாங்கணும்.”

“மூன்றரை ஏக்கருக்கு டிரெய்லர் எதுக்குங்க?”

“இருக்கட்டும்” என்று மட்டும் சொன்னார்.

டிராக்டரைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் தெரியாததைத் தெரியாததாகவே விட்டுவைக்க எனக்கு வராது. வார்டுக்குப் புது மிஷின் வந்தால் மற்றவர்கள் பொத்தானைத் தேடுவார்கள். நான் கூட வந்த புத்தகத்தை எடுத்து உட்கார்ந்துவிடுவேன். அடுத்த வாரம் முழுவதும் இஞ்ச் டேப்போடு அலைந்தேன். கொய்யா வரிசைக்கு வரிசை பன்னிரண்டு அடி. இரண்டு பக்கமும் கிளை படர்ந்தது போக நடுவில் மிஞ்சியது ஆறடிக்கும் குறைவு. அன்னவாசல் ரோட்டில் ஒரு டீக்கடை முன்னால் மினி டிராக்டர் ஒன்று நின்றது. டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் கேட்டுவிட்டு அதையும் அளந்தேன். நாலடிக்குள் அடங்கியது. “வேற எங்கயாச்சும் அளக்கணுமாக்கா?” என்று அவர் சிரித்தார். தரைக்கும் வண்டியின் அடிவயிற்றுக்கும் எவ்வளவு என்று அதையும் குனிந்து பார்த்துக்கொண்டேன்.

கீரமங்கலத்தில் என் கணவரோடு வேலை பார்த்த கண்டக்டரின் தங்கை ஒருவர் இருக்கிறார். புயலில் பழைய தென்னை எல்லாம் சாய்ந்த பிறகு புதுக் கன்று வைத்து, ஊடே உளுந்து போட்டு, எல்லாவற்றையும் மினி டிராக்டரிலேயே பார்த்துக்கொள்கிறவர் என்று கேள்விப்பட்டுப் போனோம். வண்டி நிற்கும் கொட்டகைக்கு நேராக அழைத்துப் போனார். வண்டியைவிட அதன் பின்னால் வரிசையாகக் கிடந்த இரும்புச் சாமான்களைத்தான் அதிகம் காட்டினார்.

“வண்டி எதுவா இருந்தாலும் ஓடும்க்கா. பின்னாடி மாட்டுறதத்தான் யோசிச்சு வாங்கணும். இந்தா பாருங்க, இங்கிட்டு கெடக்கே, இத வாங்கி நாலு வருசம் ஆச்சு, நாலு தடவ கூட மாட்டல.”

“இதெல்லாம் எங்க மண்ணுக்கு ஆகுமா?”

“அது எனக்கு எப்படித் தெரியும்? ஒங்க மண்ணுலயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. ஷோரூம் வாசல்ல ஓட்டினா எல்லா வண்டியும் நல்லாத்தான் ஓடும்.”

புதுக்கோட்டை ஷோரூமில் எங்களை வரவேற்றவர் இஸ்திரி கலையாத சட்டை போட்டிருந்தார். நான் கேள்வி கேட்பேன். அவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொல்வார். பின்னால் மாட்டுகிற சாமானை ஹைட்ராலிக் எத்தனை கிலோ வரை தூக்கும் என்று கேட்டேன். “சார், நல்லா தூக்கும் சார்” என்றார். மண்ணைப் புழுதியாக்குகிற ரோட்டவேட்டர் சக்கரத்தடத்தை மூடுகிற அகலம் இருக்குமா என்று கேட்டேன். “சார், அதெல்லாம் பெர்ஃபெக்ட்டா இருக்கும் சார்.”

என் கணவர் பொறுத்துப் பார்த்தார். “தம்பி, கேக்குறது அவங்க. பதில அவங்ககிட்ட சொல்லுங்க. நான் பஸ்ஸுதான் ஓட்டினவன், இது எனக்கு ஒண்ணும் தெரியாது.”

அதன் பிறகு அவர் காட்லாக்கை என் பக்கம் திருப்பினார். பதில் தெரியாத இரண்டு கேள்விகளுக்கு மெக்கானிக்கைக் கூப்பிட்டார். அந்த மெக்கானிக்கைப் பார்த்ததும் எனக்கு நம்பிக்கை வந்தது. ஐம்பது வயது இருக்கும். தெரியாததைத் தெரியாது என்று சொன்னார். “ஒங்க எடத்துக்கே கொண்டாந்து ஓட்டிக் காட்டுறோம்க்கா. பாத்துட்டு முடிவு பண்ணுங்க.”

சொன்னபடி இரண்டாம் நாள் ஒரு சின்ன லாரியில் வண்டியை ஏற்றிக்கொண்டு அவரே வந்தார். ரோட்டவேட்டர், ஐந்து கொத்துக் கலப்பை இரண்டையும் கொண்டு வந்திருந்தார். கொத்து என்பது மண்ணைக் கீறுகிற வளைந்த இரும்புக் கால். ரோட்டவேட்டர் உருளையில் கத்திகள் சுழன்று மண்ணைப் பொடியாக்குவது. முதலில் ரோட்டவேட்டரை மாட்டி என் கணவரை ஏறச் சொன்னார்.

அவர் ஏறி உட்கார்ந்தார். முப்பது வருடம் பஸ் ஓட்டியவர். பஸ்ஸில் கண்ணாடியைச் சரிசெய்கிற பழக்கத்தில், இங்கே இல்லாத கண்ணாடியைத் தேடிக் கை நீட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. வண்டி ஸ்டார்ட் ஆனது, ஒரு குதி குதித்து நின்றது. மறுபடி ஸ்டார்ட் செய்தார். மறுபடி குதித்து நின்றது.

“கிளட்ச முழுசா மிதிங்கண்ணே” என்றார் மெக்கானிக்.

“சீட்டு சரியில்ல” என்று சொல்லிவிட்டு அவர் இறங்கினார். இறங்கியதும் இடது முழங்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் கையை எடுத்துவிட்டார். “நீ ஏறிப் பாரு. குவைத்துல கார் ஓட்டினவதான?”

நான் ஓட்டியது கியர் போட வேண்டாத கார். இருந்தாலும் ஏறப் போனேன். மெக்கானிக் தடுத்தார்.

“துப்பட்டாவக் கழட்டி வெச்சுட்டு ஏறுங்கக்கா. பின்னாடி சுத்துற ஷாஃப்ட் இருக்கே, துணி நுனியப் புடிச்சா போதும், ஆள விடாது.”

அவசரப் பிரிவில் மிஷின்களில் மாட்டிய கைகளை நான் பார்த்திருக்கிறேன். மறுபேச்சில்லாமல் துப்பட்டாவைக் கொய்யாக் கிளையில் போட்டேன்.

அவர் சொல்லச் சொல்லக் கிளட்சை விட்டு, லீவரைத் தள்ளி ரோட்டவேட்டரை இறக்கினேன். காய்ந்த மண்ணில் அது இறங்கவே இல்லை. தடதடவென்று குதித்து, வண்டியையே முன்னால் தள்ளிக்கொண்டு போனது. புழுதிதான் மிச்சம். அதைக் கழற்றிவிட்டுக் கொத்துக் கலப்பையை மாட்டினார். அதுவும் நாலு விரல்கடைதான் இறங்கியது. ஆனால் இறங்கியது. இரண்டு சால் ஓட்டியபின் அதே இடத்தில் ரோட்டவேட்டரை விட்டபோது மண் உதிரியாக விழுந்தது.

“இது ரெண்டும்தான்க்கா ஒங்களுக்கு வேணும். மொதல்ல கொத்து, பெறகு ரோட்டவேட்டர். அதுவும் ஈரத்துல வேலைய முடிச்சிரணும். அதுக்குத்தான சொந்த வண்டி.”

லாரி போன பிறகு நான் என் கணவரைக் கிணற்று மேட்டில் உட்காரவைத்து வேட்டியை மேலே இழுக்கச் சொன்னேன். இடது முழங்கால் வலதைவிட வீங்கியிருந்தது. மடக்கி நீட்டியபோது என் உள்ளங்கைக்கு அடியில் நறநறத்தது.

“எத்தன வருசமா?”

“ரிட்டையர் ஆவுறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடியிருந்து. டவுன்ல ஸ்டாப்புக்கு ஸ்டாப் கிளட்ச மிதிச்சு மிதிச்சு…”

“எனக்கு ஏன் சொல்லல?”

“நீ அங்கிட்டு இருந்த. போன்ல முழங்கால எப்படிக் காட்டுறது?”

“இங்கிட்டு வந்து ஒன்றரை வருசம் ஆச்சேங்க.”

“அப்பறம் பழகிப்போச்சு” என்றார்.

எத்தனையோ பேரின் முழங்காலைப் பார்த்தவள் நான். படி இறங்கும்போது அவர் எப்போதும் இடது காலையே முதலில் வைப்பார் என்பது அப்போதுதான் நினைவில் தட்டியது. உர மூட்டையைப் பிரித்துப் பாதி பாதியாகக் கொண்டு போவார். சோம்பல் என்று நான் இரண்டு முறை கேலிகூடச் செய்திருக்கிறேன். டிரெய்லரோடுதான் வாங்க வேண்டும் என்று அவர் ஏன் சொன்னார் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது. வெட்கமாக இருந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை. “டிரெய்லரும் சேத்தே வாங்கிருவோம்” என்று மட்டும் சொன்னேன்.

அந்த வாரமே புதுக்கோட்டையில் எக்ஸ்ரே எடுத்தோம். குருத்தெலும்பு தேய்ந்திருக்கிறது, இப்போதைக்கு ஆபரேஷன் வேண்டாம், தொடைத் தசையைப் பலப்படுத்துங்கள் என்றார் டாக்டர். விடியற்காலையில் கண் விழித்ததும் கட்டிலில் படுத்தபடியே காலை நீட்டித் தூக்கி இறக்க வேண்டும். எண்ணிக்கை நான் சொல்வேன். பன்னிரண்டுக்குப் பிறகு அவரும் சேர்ந்து எண்ணுவார், அவர் எண்ணிக்கை எப்போதும் எனக்கு முந்தியே முடிந்துவிடும்.

வண்டி வந்தது. ஓட்டுவது நான், மாட்டுவது இரண்டு பேரும் என்று ஆயிற்று. மாட்டுவதுதான் பெரிய பாடு. கலப்பையின் மூன்று துளைகளும் வண்டியின் மூன்று கைகளும் ஒன்றுக்கொன்று நேராக வர வேண்டும். நான் பின்னால் பார்த்துப் பார்த்து வண்டியை ரிவர்ஸ் எடுப்பேன். ஒரு விரல் தள்ளிப்போகும். முதல் நாள் ஒரு மணி நேரம் ஆனது. எனக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.

அவர் யோசித்துவிட்டு, “நீ பின்னாடி பாக்காத. ஸ்டியரிங்க மட்டும் பாரு” என்றார். கலப்பைக்குப் பக்கத்தில், வண்டி மோதாத தூரத்தில் நின்றுகொண்டு நாக்கை மடித்து விசில் அடித்தார். இரண்டு விசில் என்றால் வரலாம். ஒரு விசில் என்றால் நில். முப்பது வருடம் கண்டக்டர்களின் விசிலுக்குப் பஸ்ஸை நகர்த்தியவர், இப்போது அவரே கண்டக்டர். மூன்றாம் நாள் கால் மணி நேரத்தில் மூன்று துளையிலும் இரும்பு ஊசியைச் செருகிக் கலப்பையை மாட்டிவிட்டோம்.

புரட்டாசியில் மழை வந்தது. கடலைக்குப் பருவம் போய்விட்டது. உளுந்து விதைக்கலாம் என்று மறுநாளே இறங்கினோம். ஈர மண்ணில் ஐந்து கொத்தும் ஒரு சாண் இறங்கிப் போனபோது, டெமோ அன்று பார்த்த அதே நிலம்தானா இது என்று வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் பார்த்தேன். மண்புழுக்கள் நெளிந்தன. கொத்து கீறிய பள்ளத்தில் கையை விட்டு எந்த ஆழம் வரை ஈரம் இருக்கிறதென்று தொட்டேன்.

“நீ ஓட்டுறியா, வெளையாடுறியா?” என்று வரப்பிலிருந்து அவர் குரல் வந்தது.

மறுநாள் ரோட்டவேட்டரை மாட்டி மேல் வயலை முடித்தேன். கீழ் வயலுக்குப் போய் அதையும் முடித்துவிட்டு, மாலை நாலு மணிக்கு வீட்டுப் பக்கம் திரும்பும்போதுதான் அது நடந்தது. நடு வரப்பு ஒன்றரை அடி உயரம். இறங்கும்போது வேறு பக்கமாகச் சுற்றி வந்தவள், களைப்பில் நேராக ஏற்றினேன். பின்சக்கரம் வரப்பில் ஏறியதும், பின்னால் தூக்கி வைத்திருந்த ரோட்டவேட்டரின் கனம் வண்டியைப் பின்னுக்கு இழுத்தது. முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டுக் கிளம்பின. எனக்கு எதிரே வயல் மறைந்து வானம் மட்டும் தெரிந்தது.

அவர் கத்துவது கேட்டது. என்ன கத்துகிறார் என்று புரியவில்லை. என் கை மட்டும் ஹைட்ராலிக் லீவரைத் தள்ளியது. ரோட்டவேட்டர் சட்டென்று இறங்கி மண்ணில் ஊன்றியது. வண்டி ஒரு கணம் நின்று, முன்பக்கம் தொப்பென்று விழுந்தது. என்ஜினை அணைத்தேன்.

அவர் அந்தக் காலோடு எப்படி ஓடி வந்தாரோ தெரியாது. பக்கத்தில் வந்து, மட்கார்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

“லீவரத் தள்ளணும்னு யாரு சொன்னா ஒனக்கு?”

“யாரும் சொல்லலங்க. எறக்கினா கனம் தரைக்குப் போயிரும்னு தோணுச்சு.”

அவர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அங்கிருந்தே மெக்கானிக்குக்குப் போன் செய்தேன். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் கோபித்தார். “வரப்பு ஏறுறதா இருந்தா ரிவர்ஸ்லதான் ஏறணும்க்கா. மொத நாளே சொல்லாதது என் தப்பு. முன்சக்கரம் கெளம்பாம இருக்க முன்னாடி மாட்டுற இரும்புக் கட்டி இருக்கு, நாளைக்கே எடுத்துக்கிட்டு வாரேன்.” சொன்னபடி வந்து மாட்டினார். வரப்பை ஓரிடத்தில் மண்வெட்டியால் சரித்துச் சாய்வுப் பாதையாக்கினோம். அதில்கூட நான் ஒரு வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினேன்.

உளுந்து நன்றாக முளைத்தது. மயில் கொத்தியது போக மிஞ்சியதே எங்களுக்குப் போதுமானதாக இருந்தது. கொய்யாவில் ஒரு கிளைகூட முறியவில்லை. காய் பறித்த கூடைகளை டிரெய்லரில் ஏற்றி ரோடு வரை கொண்டு போகிறோம். அவர் கையில் ஒரு தண்ணீர்ப் பாட்டில்தான் இருக்கும். முழங்கால் வீக்கம் குறைந்திருக்கிறது. படி இறங்கும்போது நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் வேண்டுமென்றே வலது காலை முதலில் வைக்கிறார்.

தை மாதம் பக்கத்து நிலத்துக்கார அக்கா வேலியோரம் நின்று கேட்டார். “எங்க கொல்லையையும் ரெண்டு சால் ஓட்டித் தருவியாத்தா? வாடகைக்காரருக்குச் சொல்லி அலுத்துட்டேன்.” மறுநாள் காலை போனேன். எங்கள் நிலத்துக்கும் அவர் நிலத்துக்கும் நடுவே ஒரு வரப்புதான். ஆனால் கொத்து இறங்கியதும் சத்தமே வேறாக இருந்தது. எங்கள் மண்ணில் கரகரவென்று சரளை உரசும். இங்கே மெத்தென்று, சத்தமில்லாமல் அறுத்துக்கொண்டு போனது. வண்டியை நிறுத்தி இறங்கினேன். கீழிருந்து புரண்டு வந்த மண் கறுப்பாக, விரலில் ஒட்டியது.

“அக்கா, இங்க முன்னாடி என்ன இருந்துச்சு?”

“எனக்கென்ன தெரியும்? கொளத்துத் தண்ணி வந்து நின்ன எடம்னு என் மாமியா சொல்லும்.”

வரப்பில் நின்றிருந்த என் கணவரும் மெதுவாக இறங்கி வந்து, ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்தார். அப்புறம் மூவரும் குனிந்து, அந்தக் கறுப்பு மண் எங்கே முடிந்து சிவப்பு மண் எங்கே தொடங்குகிறது என்று வரப்போரமாகத் தேடிக்கொண்டே நடந்தோம்.