கயிறு கட்டிய பின்கதவு

மம்சாபுரம் வேல்சாமியைப் போலப் போலீஸுக்குப் பயந்த ஆளைச் சல்லடை போட்டுத் தேடினாலும் கிடைக்காது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் வளைவில் காக்கித் தொப்பி தெரிந்தாலே சீட் பெல்ட் இருக்கிறதா என்று நெஞ்சைத் தடவிப் பார்ப்பான். லைசென்ஸை ஒருமுறைக்கு இருமுறை தொட்டுப் பார்ப்பான். கை காட்டாத போலீஸ்காரரிடமும் வண்டியை ஓரங்கட்டி, "சார், கூப்பிட்டியளா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டவன் அவன். இப்படிப்பட்டவன் தப்பே செய்யமாட்டான் என்று ஊர் நம்பியது. பயம் வேறு, யோக்கியம் வேறு என்று ஊருக்கு யார் சொல்வது?

ஸ்பின்னிங் மில்லில் பாதி வயசைக் கழித்து, மில் மூடியபிறகு பழைய வேன் ஒன்றை வாங்கினான். வேலை தளவாய்புரம் நைட்டி கம்பெனிக்குச் சரக்கு ஓட்டுவது. கம்பெனியில் வெட்டித் தரும் துணியைச் சாயங்காலம் மம்சாபுரத்துத் தையல்காரிகளின் வீடுகளில் கொண்டுபோய்ப் போடுவான். தைத்து முடித்த நைட்டிகளைக் காலையில் மூட்டை மூட்டையாக ஏற்றிப் போவான்.

நைட்டி மூட்டைக்குக் கனம் இல்லை, ஆனால் இடத்தை அடைக்கும். பின் சீட்டைக் கழற்றிவிட்டு அடுக்கினாலும் ஒரு மூட்டை வெளியே துருத்திக்கொண்டுதான் நிற்கும். பின்கதவு மூடாது. அதைப் பாதி தூக்கி வைத்து நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டிவிடுவான். நைட்டி ஏற்றும் மற்ற வேன்களும் அப்படித்தான் போய்வந்தன. துணியில் தூசி படியும் என்று முன்கண்ணாடிகளையும் ஏற்றிவிடுவான். தன் பக்கத்துக் கண்ணாடியை மட்டும் காற்றுக்காக நாலு விரல் இறக்கி வைத்துக்கொள்வான்.

மூட்டைகளின் மேல் இரண்டு பெண்கள் சாய்ந்து உட்கார்ந்து வருவார்கள். ஒருத்தி அவன் மனைவி பாண்டிசெல்வி. இன்னொருத்தி அடுத்த தெரு விஜி, ரொம்ப நாள் கழித்து உண்டாகியிருந்தவள். இருவருக்கும் கம்பெனியில் நூல் வெட்டி, மடித்து, பாக்கெட் போடுகிற வேலை.

போன வருஷம் வண்டி இழுவை குறைந்து, மேடு ஏற முக்கியது. ராஜபாளையத்தில் சைலென்சர் பட்டறை வைத்திருக்கும் ஆல்வினிடம் கொண்டுபோய் நிறுத்தினான். ஆல்வின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்தான்.

"கன்வெர்ட்டர் அடைச்சிட்டு. உள்ள தேன்கூடு கணக்கா ஒண்ணு இருக்கும், இஞ்சின் விடுற விஷத்த அதுதான் முறிக்கும். புதுசு போட உனக்குக் கட்டுபடியாகாது. அறுத்து எடுத்துட்டு வெறும் டப்பாவ வச்சு ஒட்டிருதேன். கூலி வேண்டாம், பழசு எனக்கு, அதுக்கு நல்ல விலை இருக்கு."

"போலீஸு பிடிச்சா?" என்றான் வேல்சாமி. விஷம் என்று ஒருத்தன் சொன்ன பிறகும் அவன் கேட்டது அதைத்தான்.

"அடியில படுத்து எவன் பாக்கப் போறான்?" என்றான் ஆல்வின்.

வண்டி பறந்தது. வேல்சாமிக்கு வாயெல்லாம் பல். வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை அங்கேதான் ஆரம்பித்தது.

பாண்டிசெல்விக்குத் தலைவலி வந்தது. முதலில் சூடு என்றார்கள், எண்ணெய் தேய்த்துக் குளித்தாள். பிறகு பார்வை என்றார்கள், கண்ணாடி போட்டாள். அதற்குப் பிறகும் வலிக்கத்தான் செய்தது. பொம்பளைக்கு வேலைக்குப் போகக் கள்ளம் என்று அவன் அக்கா ஒரு நாள் சொன்னாள், வேல்சாமி அதற்கும் தலையாட்டினான். விஜிக்கும் கிறுகிறுப்பும் வாந்தியும் இருந்தன. மசக்கைதானே என்று அவளை யாரும் கவனிக்கவில்லை.

புகை சர்ட்டிபிகேட் முடியும் நாள் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் டெஸ்ட் எடுக்கும் பெண் சைலென்சரில் குழாயைச் சொருகினாள். கம்ப்யூட்டரைப் பார்த்தாள். திரும்ப ஒருமுறை சொருகினாள்.

"வண்டி தேறாதுண்ணே. கன்வெர்ட்டர எடுத்துட்டியளா?"

"கம்பெனியில வந்தது அப்படியே இருக்கும்மா."

"எடுத்திருந்தா சட்டப்படி தப்புண்ணே. கம்பெனி கொடுத்தத மாத்தக் கூடாது. பிடிச்சா ஃபைன் போடுவாவ, ஆர்.சி.யவே நிறுத்தி வைக்கலாம். அதவிட, இந்த வாயுக்கு வாடையே கிடையாது, ஆள மயக்கிரும். வண்டிக்குள்ள மட்டும் வராமப் பாத்துக்கோங்க."

ஆர்.சி. என்ற சொல் காதில் விழுந்ததோடு வேல்சாமிக்கு மற்றதெல்லாம் கேட்காமல் போயிற்று. வேறு ஓர் இடத்தில் ஆளைப் பிடித்து, சைலென்சரில் குழாய் சொருகாமலே சர்ட்டிபிகேட் வாங்கி, அதைக் கண்ணாடிக்குப் பின்னால் பத்திரமாகச் சொருகி வைத்தான். அதோடு ஒரு தேங்காயும் உடைத்தான்.

தீபாவளி ஆர்டர் நெருங்கியது. மூட்டை கூடியது, பின்கதவு இன்னும் உயரத் தூக்கிக் கட்டப்பட்டது. ஒரு நாள் காலையில் தளவாய்புரத்தில் இறங்கிய பாண்டிசெல்வி, கால் மடங்கி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் தண்ணீர் தெளித்து, ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கொண்டுபோனார்கள். போய்ச் சேரும்போது பாதி தெளிந்திருந்தாள்.

டாக்டர் கேள்வி கேட்கத் தெரிந்தவர்.

"ஞாயித்துக்கிழமை வலிக்குமா?"

"ஞாயித்துக்கிழமை வலிக்காது சார். அன்னைக்கு வீட்டுல இருப்பேன்."

"வேலைக்கு எதுல போறீங்க?"

"எங்க வேன்லதான் சார்."

டாக்டர் வேல்சாமி பக்கம் திரும்பினார். "சைலென்சர்ல ஓட்டை, எதையாவது கழட்டினது, மாத்தினது உண்டா?"

அந்த நொடியில் எல்லாம் விளங்கிவிட்டது அவனுக்கு: கயிறு கட்டிய பின்கதவு வழியாகத்தான் புகை உள்ளே ஏறியிருக்கிறது. புகை டெஸ்ட் பெண் சொன்னதன் மறுபாதி இப்போதுதான் காதுக்குள் வந்து சேர்ந்தது. வாசலில் ஒரு போலீஸ்காரர் யாரிடமோ பேசிக்கொண்டு நின்றார். வேல்சாமி அவரைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான்.

"இல்ல சார். எல்லாம் கம்பெனியில வந்தபடிதான் இருக்கு."

"அப்படின்னா மதுரையில தலைக்கு ஒரு ஸ்கேன் பாத்துருங்க" என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். மனைவி தலையில் இல்லாத நோயை ஒரே ஒரு பொய்யால் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தான் வேல்சாமி. பாவி.

மறுநாள் பழைய கன்வெர்ட்டரைத் திரும்பக் கேட்டு ஆல்வினிடம் ஓடினான். "ஏலே, அது அன்னைக்கே போயிட்டு. பழசு எடுக்க பைக்ல வாரவன் வாங்கிட்டுப் போயிருவான். பேசாம இரு, எவன் பாக்கப் போறான்?" என்று பழைய பாட்டையே பாடினான் அவன். அவளை வேனில் ஏற்றாமல் விட்டால் தானாகச் சரியாகிவிடும் என்று வேல்சாமி கணக்குப் போட்டான். கணக்கு சரிதான், வீட்டில் இருந்ததும் தலைவலி போயிற்று. ஆனால் அவள் உட்கார்ந்து வந்த இடத்தில் இன்னொரு மூட்டையை ஏற்றினான். பக்கத்தில் விஜி வழக்கம்போல வந்தாள். அவளைப் பற்றி அவன் நினைக்கவே இல்லை. கெட்டவன் என்றால்கூடத் தேவலாம், அவனுக்குத் தோன்றவே இல்லை.

ஸ்கேனுக்குக் குறித்த நாளில், வண்டியை மாரிசெல்வம் என்ற மாற்று டிரைவரிடம் கொடுத்துவிட்டு, விடிந்ததும் இருவரும் மதுரை பஸ் ஏறினார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் பாண்டிசெல்வி கோபுரம் இருந்த திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாதிய. நம்ம அனுசியாவ எங்க அம்மா வீட்டுல விட்டுராதிய. பெரிய பரிச்ச எழுதுற புள்ள. நீங்களே வச்சுக்கோங்க. வேற யாரையும் கட்டுனாலும், அவளுக்குச் சோறு போடுறவளாப் பாத்துக் கட்டுங்க."

"என்னட்டி பேசுத? தலவலிதான் போயிட்டே."

"அதான் பயமா இருக்கு. அணையப் போற விளக்குப் பிரகாசமா எரியும்பாவ."

எப்போதும் சண்டைக்கு நிற்பவள், அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு, ஆல்வின் பட்டறையில் தொடங்கி ஆஸ்பத்திரியில் சொன்ன பொய்வரை எல்லாவற்றையும் கொட்டினான்.

பாண்டிசெல்வி அவன் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள்.

"அப்ப என் தலைக்குள்ள ஒண்ணும் இல்லையா?"

"இருக்காது. வண்டிப் புகைதான்."

முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள், அழுகையோடு சிரிக்கவும் செய்தாள். பெற்ற மகளை அநாதையாக்காமல் சாமி காப்பாற்றிவிட்டது என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். தப்பித்தோம் என்று வேல்சாமியும் மூச்சு விட்டான். அப்போதுதான் அவள் சட்டென்று நிமிர்ந்தாள்.

"இன்னைக்கு விஜி போயிருக்காளா?"

அவன் மாரிசெல்வத்துக்குப் போன் போட்டான்.

"எங்க இருக்கலே?"

"தளவாய்புரம் வந்துட்டேண்ணே."

"விஜி?"

"பின்னால மூட்டைமேல படுத்துத் தூங்குது. டீ குடிக்கக் கூப்பிட்டேன், எந்திக்கல. நல்ல தூக்கம்."

"வண்டிய நிறுத்துலே. கயித்த அவுத்து அவள எழுப்பு."

கதவு திறக்கும் சத்தம் கேட்டது. பிறகு "அக்கா, ஏ அக்கா" என்று மாரிசெல்வம் கூப்பிடும் குரல். திரும்பத் திரும்ப அதே குரல்தான் கேட்டது, பதில் கேட்கவில்லை. பாண்டிசெல்வி போனை அவன் கையிலிருந்து பிடுங்கிக் காதில் அழுத்திக்கொண்டாள். யாரோ ஓங்கரித்து வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டபிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது.

"கண்ணு முழிச்சிட்டு, ஆனா நிக்க முடியல" என்றான் மாரிசெல்வம்.

"நிக்க வைக்காத, காத்தாடக் கிடத்து. அந்த வேன்ல ஏத்தாத, ஆம்புலன்ஸக் கூப்பிடு. வண்டிப் புகைதான் காரணம், மாசமா இருக்கான்னு வந்ததும் சொல்லு. நாங்க ராஜபாளையம் ஆஸ்பத்திரிக்கு வாரோம்."

மதுரைக்குப் போகாமல் கிருஷ்ணன்கோவிலிலேயே இறங்கினார்கள். காலேஜ் பஸ்கள் வரிசையாகப் போய் முடியும்வரை ரோட்டோரத்தில் நிற்க வேண்டியிருந்தது.

"வயித்துல இருக்கிறது பிழைக்குமோ என்னமோ" என்றாள் பாண்டிசெல்வி. "பிழைச்சாலும், பிழைக்காட்டாலும் நீங்கதான் டாக்டர்ட்டச் சொல்லணும். விஜி வீட்டுக்காரர் முன்னாலயும் சொல்லணும். போலீஸு வந்தா அவிய கேக்குறதுக்கு முன்னாலயே சொல்லணும்."

"சொல்லுதேன்."

ராஜபாளையம் பஸ் வந்தது. வேல்சாமி முதலில் ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, பக்கத்தில் துணிப்பையை வைத்து அவளுக்கு இடம் பிடித்தான். அவள் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு முன்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு போலீஸ்காரர் ஏறினார். "இங்க ஆளு வருதா?" என்று கேட்டார். வேல்சாமி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு நகர்ந்து இடம் கொடுத்தான். காக்கிச் சட்டை தோளில் உரசியது, அவன் நெஞ்சைத் தடவிப் பார்க்கவில்லை. இப்போது அவன் பயந்ததெல்லாம் முன்னால் நின்றவளுக்குத்தான். அவள் கையில் இன்னும் அவனுடைய போன் இருந்தது, அது அடிப்பதற்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள்.