பேச்சு நின்ற காரணம் கோருதல் தொடர்பாக

தண்ணீர் வாரிய அலுவலகத்தில் அவருக்குப் பட்டப்பெயர் ‘பணிவன்புடன்’. இருபத்து மூன்று வருடமாகத் தகவல் கேட்டு வரும் கடிதங்களுக்கெல்லாம் பதில் எழுதுவது அவர்தான். ‘எங்கள் குழாயில் காற்றுதான் வருகிறது, காற்றுக்குமா வரி?’ என்று ஒருவர் காய்ச்சி எடுத்தாலும், ‘தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்றது’ என்றுதான் தொடங்குவார். திட்டியவர்கள் பதிலைப் படித்துவிட்டு, தப்பு தம்முடையதோ என்று வாயடைத்துப் போவார்கள். கேட்டதற்கு மட்டும் பதில், கேட்டதற்கெல்லாம் பதில். மனிதர் அப்படி.

வீட்டில்தான் கதை வேறு. மனைவியின் அண்ணனோடு அவர் பேசிப் பதினோரு வருடம் ஆகிறது. அவள் அந்தப் பேச்சை எடுத்தாலே தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுவார். இப்போது அண்ணனுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை, இன்னும் மூன்றே வாரம். அதற்குள் இருவரையும் பேச வைத்துவிட அவள் தலைகீழாக நின்று பார்த்தாள். நடக்கவில்லை. வாயால் கேட்டால் நழுவுகிறவர், தாளில் கேட்டால் நழுவ மாட்டார் என்று கடைசியில்தான் அவளுக்கு உறைத்தது.

திங்கட்கிழமை அலுவலகத் தபாலில் வந்தது அவள் கடிதம். ‘ஒன்று: என் அண்ணனுடன் தாங்கள் பேச்சை நிறுத்திய தேதி. இரண்டு: அதற்கான காரணம். பதினைந்து நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.’ பதிவேட்டில் எண் போட்டு, முத்திரை குத்தி, பிரிவு முழுக்கப் படித்து முடித்த பிறகுதான் அது அவர் மேசைக்கு வந்தது.

“பதிவாயிடுச்சு சார். பதில் போட்டுத்தான் ஆகணும்” என்றார் மேலாளர் அம்மா, முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு.

தேதி எளிது. மைத்துனர் வீடு மாறிய நாள். காரணம்? அலமாரியை இருவருமாக மாடி ஏற்றியது நினைவிருந்தது. பாதிப் படியில் மைத்துனர் ஏதோ சொன்னதும் நினைவிருந்தது. என்ன சொன்னார் என்பது மட்டும் போன இடம் தெரியவில்லை. இவ்வளவு பத்திரமாகக் காத்த கோபத்துக்குள் ஒன்றுமே இல்லை என்று தெரிந்தபோது அவருக்கு வெட்கமாக இருந்தது.

தன்னிடம் இல்லாத தகவலை, அது இருக்கக்கூடிய இடத்துக்கு அனுப்பிவைக்க வேண்டும் என்பது அலுவலக விதி. மூன்று தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுதினார்: ‘மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு, இணைப்பில் உள்ள விண்ணப்பத்தின் இரண்டாம் கேள்வியில் கோரிய தகவல் என்னிடம் இல்லை. தங்களிடம் இருப்பின் அன்புகூர்ந்து விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்கவும். நகல்: விண்ணப்பதாரர், சமையலறை.’

நகலைப் படித்துவிட்டு மனைவி அடுப்பை அணைக்க மறந்து சிரித்தாள். பிறகு கொஞ்சம் அழுதாள்.

அடுத்த நாலு நாளும் தபால்காரரை அலுவலக வாசலிலேயே மடக்கினார். ஐந்தாம் நாள் மச்சானின் பதில் வந்தது, பென்சிலில்.

‘எங்கிட்டயும் இல்ல மாப்ள. எனக்குப் பயமா இருக்கு. கடுதாசி போதும், நேர்ல வாங்க.’

அதற்கு அவர் பதில் எழுதவில்லை. அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, கொளுத்தும் வெயிலில் வீட்டுக்குப் போய், “செருப்பப் போடு, கிளம்பலாம்” என்றார்.