மாமாவின் வெளுத்த கண்

மாமா வீட்டு மேசை இழுப்பறையைத் திறந்தால், அவருடைய வலது கண் என்னைப் பார்க்கும். மூக்குக் கண்ணாடிச் சட்டத்தில் பொருத்திய செயற்கைக் கண். இமை, புருவம், சுற்றிலும் கொஞ்சம் தோல் என்று எல்லாம் உண்டு. தோல்தான் வெளுப்பு.

அறுபதுகளில் மாமா கடலூர்–சிதம்பரம் பஸ்ஸில் கண்டக்டர். நான் அதே பஸ்ஸில்தான் சிதம்பரத்துக்குக் கல்லூரி போய்வந்தேன். படிக்கட்டிலேயே நின்று வரும் அவருக்கு அந்தக் கண்ணில் ஓயாமல் நீர் வடிந்தது. ரோட்டுப் புழுதி என்றே எல்லோரும் நினைத்தோம். பிறகு மூக்கோரம் கட்டி எழும்பியது, கண்ணீரில் ரத்தம் கலந்தது. கண்ணீர்ப்பையில் புற்றுநோய், அபூர்வமாக வருவது என்றார்கள் சென்னை ஆஸ்பத்திரியில். கட்டியோடு கண்ணையும் பக்கத்து எலும்பில் கொஞ்சத்தையும் எடுத்தாக வேண்டுமாம். மாமா வாய் திறப்பதற்குள் அத்தை சொல்லிவிட்டாள்: "எடுத்துடுங்க டாக்டர். ஆளு இருந்தா போதும்."

உயிர் தப்பிய மாமாவுக்கு அடுத்த கவலை வேலை. "ஜனங்க மூஞ்சியப் பாத்து மெரண்டுடுவாங்க. பஸ் நிக்கிற செட்டுல குந்தி எதாச்சும் பாரு" என்று சொல்லியிருந்தார் பஸ் முதலாளி. செட்டில் உட்காருவதா? மாமாவுக்கு அதைவிடக் கட்டியே தேவலை.

மாதக்கணக்கில் வார்டுக்குள்ளேயே கிடந்து வெளுத்த முகத்தைப் பார்த்துத்தான் அந்தச் செயற்கைக் கண்ணுக்கு நிறம் கலந்தார்கள். அப்படிப் பொருந்தியது! முதலாளி மாமாவை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு, தோல்பையைக் கையில் கொடுத்தார். ஆனால் கண்டக்டர் வேலை வெயில் வேலையாயிற்றே. சித்திரை பிறந்ததும் மாமா தம் பழைய கறுப்புக்குத் திரும்பினார். கண் மட்டும் திரும்பவில்லை.

புதுச்சத்திரத்தில் ஏறிய மீன்காரம்மா நின்று பார்த்தாள். "இன்னா கண்டக்டரே, கால் மூஞ்சிக்கு மட்டும் பவுடரு?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் புத்தகத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

மாமா டிக்கெட்டைக் கிழித்தார். "மீதி மூஞ்சிக்கு ஒங்கிட்ட பவுடரு வாங்கலாம்னு பாத்தா, நீ மீன் செதிலுல்ல கொண்டாந்திருக்க!"

கூடை குலுங்க அவள் சிரித்தாள். பிறகு வண்டியே சிரித்தது. அதற்கப்புறம் யாரும் மாமாவைப் பார்க்கத் தயங்கவில்லை.

இருந்தாலும் இந்த நிற வித்தியாசம் முதலாளி கண்ணில் படுமுன் சென்னைக்கு ஓடினோம். "வெயில்ல அலையாதீங்கன்னு சொன்னேனே!" என்று கடிந்துகொண்டார், கண் செய்தவர்.

"வெயில்ல போவாம சிதம்பரம் எப்பிடி சார் போறது?"

அவரும் சிரித்துவிட்டார். மாமாவை வெளியே வெயிலில் உட்காரவைத்து, அங்கேயே புதிதாக நிறம் கலந்தார்.

பழையதை எறிய மாமா விடவில்லை. "ரிட்டயராயி வூட்ல குந்துனா மறுபடி வெளுத்துடுவேன்டி. அப்ப ஆவும்" என்றார் என்னிடம்.

ரிட்டயராகி நாளாயிற்று. காலைக் காப்பி முடிந்ததும் கறுத்த கண்ணை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுகிறார், எந்த வண்டி எங்கே போகும் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்ல. "ஒங்க மாமா எங்கடி?" என்கிறாள் அத்தை, தெரிந்தே.

இழுப்பறையை மூடுகிறேன். அவர் இன்னும் வெளுக்கவில்லை.