எங்கள் வாசல் நாற்காலியின் உட்பொருள்

எங்கள் பாடகரின் புது வீடியோ வெளிவந்த அன்று சாயங்காலம், ஊர் ஓரத்து மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை முடிந்து கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தேன். போனில் வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. பாதிப் பாட்டில் எங்கள் வீட்டு நாற்காலி வந்தது. பஸ்ஸிலேயே கத்திவிட்டேன். பக்கத்து சீட்டுக்காரம்மா பதறிப்போய்த் தன் பர்ஸைத் தடவிப் பார்த்தாள்.

கல்லூரிக் காலத்திலிருந்தே அந்த மனிதரின் குரல் என்றால் எனக்கு உயிர். அப்பேர்ப்பட்டவர் ஒரு விடியற்காலை எங்கள் தெருவுக்கே வந்து, எங்கள் வாசலுக்கு நேரே நின்று, நாற்காலியின் முதுகை ஒரு விரலால் தொட்டு, பெருமூச்சு விட்டுவிட்டுப் போயிருக்கிறார். கதவுக்கு இந்தப் பக்கம் நான் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறேன். என்னையெல்லாம் எதால் அடிப்பது?

அந்த நாற்காலியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். உப்பளம் என்கிற பேட்டையில் எங்கள் தெரு ரொம்பக் குறுகல். சனி, ஞாயிறு வந்தால் கடற்கரைக்கு வரும் வெளியூர்க் கார்கள் எங்கள் வாசல்வரை வந்து அடைத்துக்கொள்ளும். எதிர்ப்பக்கம் மின்கம்பம். எங்கள் வாசலில் ஒரு கார் நின்றுவிட்டால் ஆட்டோ உள்ளே நுழையாது. ஆட்டோ நுழையாவிட்டால் அம்மா டயாலிசிஸுக்குப் போகமாட்டாள். செவ்வாயும் சனியும் பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். விட்டால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் எங்களிடம் பச்சையாகவே சொல்லியிருந்தார். ஆனால் அம்மா போட்ட நிபந்தனை ஒன்று இருந்தது.

"வாசல்ல வந்து ஆட்டோ நின்னா ஏறிக்கிறேன். வீங்குன கால வச்சினு நான் தெருவுல தள்ளாடறத நாலு பேரு வேடிக்கை பாக்கறதுன்னா, எனக்கு அந்த வைத்தியமே வேணாம்."

மார்க்கெட்டுக்குப் போனால் மந்திரி போவது மாதிரி போனவள். அவள் பிடிவாதம் எனக்குப் புரியாமலில்லை. ஆத்திரமும் வராமலில்லை.

அதனால்தான் அப்பா அந்த நாற்காலியை வாசலில் போட்டார். மில் மூடியதற்கப்புறம் அவருக்கு அதுதான் முழுநேர வேலை. சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி, மூன்று காலே ஒழுங்கு, நாலாவதற்கு ஒரு விறகுக்கட்டையை வைத்து நீலக் கயிற்றால் கட்டியிருந்தார். யாராவது நகர்த்தப் பார்த்தால் பொத்தென்று விழும். நாம்தான் உடைத்துவிட்டோமோ என்று பயந்து காரை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவார்கள். அப்பாவின் மூளையே மூளை.

வீடியோ வந்த அன்று ராத்திரிக்குள் எங்கள் ரசிகர் குழுவில் விளக்கங்கள் கொட்டிவிட்டன. குழுவில் ஒருவரை நாங்கள் பேராசிரியர் என்போம். நேரில் யாரும் பார்த்ததில்லை. பாடகர் கண்ணைச் சிமிட்டினால்கூட அதற்கு அரைமணி நேரம் ஆடியோ அனுப்புவார். காலியான நாற்காலி, திரும்பி வராத ஒருவருக்காகக் காத்திருக்கிறது என்றார் அவர். மூன்று கால்கள் முறிந்துபோன மூன்று காதல்கள். நீலக் கயிறு கடல்.

நான் எழுதினேன்: "சார், அது எங்க வீட்டு நாற்காலி. கார் நிறுத்தக் கூடாதுன்னு எங்க அப்பா போட்டது."

"சகோதரி, மேலோட்டமாகப் பார்க்காதீர்கள்" என்று பதில் வந்தது. "கார் என்பதே ஒரு குறியீடுதானே?" என்றார் இன்னொருவர்.

"கயிறு நீலமா இருக்கக் காரணம், கடையில அதான் இருந்துச்சு" என்று எழுதினேன்.

"சரி, கடையில் ஏன் அது இருந்தது?" என்று கேட்டார் பேராசிரியர்.

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் போய், "ஏம்ப்பா நீலக் கயிறு வாங்குன?" என்றேன். அவர் சோற்றில் கையை வைத்தபடி யோசித்தார்.

"பச்சையும் இருந்துச்சு. ஆனா கை நீலத்துக்குத்தான் போச்சு." இன்னொரு கவளம் உருட்டியபடியே, "ஏன் போச்சுன்னு தெரியலயே" என்று கவலையோடு சொன்னார்.

அந்த வாரமே தெருவைக் கண்டுபிடித்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நாற்காலியோடு செல்ஃபி, நாற்காலியைச் சுற்றி ரீல்ஸ். ஒருத்தி அதன் முன்னால் உட்கார்ந்து அழுதாள். அப்பா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒருநாள் காலையில் கதவைத் திறந்தால் நாற்காலிக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தது. அப்பாவுக்கு வந்ததே கோபம்.

"குந்தற ஆளு உயிரோட இருக்கும்போதே மாலை போட்டுட்டானுங்களே, பாவிங்க!"

மறுநாள் நாற்காலியையே காணோம். சாயங்காலம் குழுவில் அதன் படம் வந்தது. எந்த ஊரோ, யார் வீட்டுக் கூடமோ, குத்துவிளக்குக்குப் பக்கத்தில், அதே நீலக் கயிற்றோடு. கீழே நூற்றுக்கணக்கில் கும்பிடு.

அப்பா புது நாற்காலி வாங்கிப் போட்டார். புது நாற்காலிக்கு யார் பயப்படுவார்கள்? சனிக்கிழமை காலையில் யாரோ அதை அலுங்காமல் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, எங்கள் படியை ஒட்டிப் பெரிய வெள்ளைக் காரை நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். ஆட்டோக்காரர் தெருமுனையிலிருந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். தலைவாரிப் புடவை கட்டி வாசலுக்கு வந்த அம்மா, காரைப் பார்த்தாள். உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் வரல."

அப்பா கெஞ்சினார். நான் கத்தினேன். "போதும்டி, எல்லாம் போதும்" என்றாள். அவள் சொன்ன 'எல்லாம்' ஆஸ்பத்திரியை மட்டும் சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்துக் கதவு தட்டப்பட்டது.

வாசலில் நாலு பேர். முன்னால் நின்றவர் ஐம்பதைத் தாண்டிய வழுக்கைத் தலையர். குரலைக் கேட்டதும் தெரிந்துவிட்டது, பேராசிரியர்! திண்டிவனத்துப் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறாராம். அவரோடு ஜிம்முக்குப் போய்ப் போய் புஜம் பெருத்த ஒருவர், அப்புறம் மஞ்சள் காயாத தாலியோடு ஒரு புதுப்பெண், அவள் புருஷன். நாற்காலி இருந்த இடத்தைத் தரிசிக்க வேண்டுமாம்.

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ. "குறியீடாம் குறியீடு! எங்கம்மா ஆஸ்பத்திரிக்குப் போவறதுக்கு இடம் புடிச்சி வச்ச நாற்காலிய்யா அது! உங்க ஆளுதான் தூக்கினு போய் வெளக்கேத்தி வச்சிக்கீறான். இப்ப வரமாட்டேன்னு உக்காந்துட்டாங்க. அவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா அதுக்கும் ஒரு விளக்கம் சொல்லுவீங்களா?" என்று கேட்டு அழுதுவிட்டேன்.

பேராசிரியர் என்னைத் தாண்டி, கட்டிலில் இருந்த அம்மாவைப் பார்த்தார். அவர் கண் நிறைந்துவிட்டது.

"அந்த நாற்காலி காத்துக்கிட்டு இருந்தது இவங்களுக்காகத்தான்!" என்றார் மற்ற மூவரிடமும்.

அடக் கடவுளே, நான் சொன்னதெல்லாம் அவர் கட்சிக்கே சாட்சியாகிவிட்டது. மறுப்பதற்குள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து அம்மாவைக் கும்பிட்டார். கூடத்தில் கைப்பிடி வைத்த மரநாற்காலி ஒன்று உண்டு. அம்மாவை அதில் உட்காரவைத்து, பேராசிரியரும் ஜிம்காரரும் முன்னால், புதுமாப்பிள்ளையும் நானும் பின்னால், ஒரே தூக்கு.

"ஐயையோ, எறக்குங்கடா என்னை!" என்று அந்த வழுக்கைத் தலையரை அம்மா 'டா' போட்டுத் திட்டினாள். அவர் அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டார். காரைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினோம். புதுப்பெண் குடை பிடித்தாள். அப்பா முன்னால் ஓடி, "ஓரம், ஓரம்!" என்று வழி விலக்கினார். நாலாவது வீட்டைத் தாண்டும்போது அவர்கள் அந்தப் பாட்டையே பாட ஆரம்பித்துவிட்டார்கள். சுற்றுலா வந்தவர்கள் ஏதோ உள்ளூர்த் திருவிழா என்று நினைத்து ஒதுங்கி நின்றார்கள். ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அம்மா முதலில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பாதித் தெருவில் அதை விலக்கினாள். முனையில் பூ விற்கிறவள், "எங்க போறக்கா, ஊர்வலமா?" என்றாள். "ஆஸ்பத்திரிக்குத்தான். வந்துடறேன், ரெண்டு மொழம் எடுத்து வையி" என்றாள் அம்மா.

அன்று ராத்திரியே பேராசிரியரின் ஆடியோ வந்தது. குடை என்பது வானமாம்.

செவ்வாய்க்கிழமை தெருவே வெறிச்சென்றிருந்தது. ஆட்டோ நேரே படிக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது. அம்மா நல்ல புடவை கட்டி, பூ வைத்து, மரநாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்திருக்கவில்லை.

"எங்க அந்தப் புள்ளைங்க?"

"இன்னிக்கி அவங்கவங்க வேலைக்குப் போயிருப்பாங்கம்மா. பாரு, ஆட்டோ வாசல்லயே நிக்குது."

அம்மா எட்டிப் பார்த்தாள். பிறகு நாற்காலிக் கைப்பிடி இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என்னையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அத முனையில போய் நிக்கச் சொல்லு" என்றாள். "சனிக்கெழமையும் அங்கயே நிக்கட்டும்."