பூட்டக்கா தனியாகத் தொடங்கிய தொழில்

அலுவலகத்தில் எல்லோரும் அவளைப் பூட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆயிரத்து நானூறு லேப்டாப்புகள், அதற்கும் மேலே கைப்பேசிகள். எந்த ஊழியருக்கு எதைத் திறந்துவிடலாம், எதைப் பூட்டிவைக்க வேண்டும், டாக்ஸியில் தொலைத்துவிட்டு வந்த கைப்பேசியில் இருப்பதை உட்கார்ந்த இடத்திலிருந்தே எப்படி அழிப்பது என்று பார்ப்பதுதான் பதினேழு வருடமாக அவள் வேலை. நாற்பத்தைந்தாவது வயதில் நிர்வாகம் அந்தப் பிரிவையே இழுத்து மூடி, அவள் கையில் ஒரு பூங்கொத்தைக் கொடுத்து அனுப்பிவைத்தது.

இரண்டு வாரம் வீட்டு அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூன்றாவது வாரம் கணவரிடம் சொல்லிவிட்டாள்.

“இனிமே யார்கிட்டயும் வேலைக்குப் போகலைங்க. தனியா செய்யப்போறேன். சின்ன ஆபீஸ்ல எல்லாம் இதைப் பாக்க ஆளே இல்ல.”

அவர் நகரப் பேருந்து ஓட்டுநர். அதிகம் பேசமாட்டார். “அந்தப் பின்ரூமை எடுத்துக்கோ. இஸ்திரி மேசையை நான் ஹாலுக்கு மாத்திடறேன்” என்றார்.

‘கருவி மேலாண்மை ஆலோசகர்’ என்று அட்டை அடித்துத் தெரிந்த வீட்டுக்கெல்லாம் கொடுத்தாள். எதிர்வீட்டுக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “மிக்சி ஓடும்போது ஒரு மாதிரி சத்தம் வருதும்மா, பாப்பீங்களா?” என்று கேட்டார். மூன்று மாதத்தில் வந்த ஒரே அழைப்பு தங்கையுடையது. அவளுக்குக் கைப்பேசியின் உடைந்த கண்ணாடியை மாற்ற வேண்டுமாம்.

அந்தச் சமயத்தில்தான் மாமியாருக்குக் காலில் புண். கட்டு மாற்ற ஒரு செவிலி வீட்டுக்கு வந்துபோனாள். வேலை முடிந்ததும் ஒரு டேப்லெட்டை எடுத்து விவரங்களைப் பதிவு செய்வாள். அதன் முதுகில் கடவுச்சொல்லை எழுதி ஒட்டியிருந்ததைப் பார்த்ததும் பூட்டக்காவுக்குப் பகீரென்றது.

“இது மாதிரி எத்தனை இருக்கும்மா உங்க ஆபீஸ்ல?”

“அறுபத்திரண்டுக்கா. எல்லாத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு. மறக்காம இருக்கணும்ல?”

மறுநாளே அந்தச் செவிலியர் சேவையை நடத்தும் அம்மாளைப் போய்ப் பார்த்தாள். அவரும் ஒரு காலத்தில் செவிலியாக இருந்தவர். பூட்டக்கா பெரிய வார்த்தை எதுவும் பேசவில்லை.

“எந்த வீட்ல வயசானவங்க தனியா இருக்காங்க, சாவி எந்தப் பூந்தொட்டிக்குக் கீழ இருக்குன்னு எல்லாம் இதுல இருக்கு மேடம். நாளைக்கு ஒண்ணு பஸ்ல தொலைஞ்சா?”

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “எப்ப ஆரம்பிக்கிறீங்க?”

நான்கு வாரத்தில் அறுபத்திரண்டையும் தன் கணினியிலிருந்தே பார்த்துக்கொள்ளும்படி செய்துவிட்டாள். ஐந்தாவது வாரம், திங்கட்கிழமை காலை ஏழரை மணிக்கு, திரை எப்படிப் பூட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஒரு புதிய விதியைச் சோதனை டேப்லெட்டுக்கு அனுப்புவதாக நினைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டாள். யாருக்குமே தெரியாத எண்ணைக் கேட்டு அத்தனையும் பூட்டிக்கொண்டன. எட்டு மணிக்குள் கைப்பேசி அலறத் தொடங்கியது. யாருக்கு எந்த ஊசி, எந்தத் தெரு, எந்தக் கதவு என்று தெரியாமல் செவிலியர்கள் வழியில் நின்றார்கள்.

உடனே விதியைத் திரும்பப் பெற்றாள். பிறகு அந்த அம்மாளுக்குப் போன் செய்தாள். ‘சர்வர் கோளாறு’ என்று சொல்லிவிடலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. நாக்கு நுனிவரை வந்தது.

“மேடம், இது நான் செஞ்ச தப்பு. ஐம்பத்திமூணு திறந்துடுச்சு. மிச்சம் ஒன்பதை அவங்க அணைச்சுப் போட்டுட்டாங்க, சிம்மும் பூட்டிக்கிச்சு. உங்க ஆபீஸ் வைஃபை கிடைச்சாத்தான் திறக்கும். அவங்க எங்க இருக்காங்கன்னு சொல்லுங்க, நான் நேர்ல போறேன்.”

அந்த அம்மாள் போனை வைத்துவிட்டார். பிறகு ஒன்பது முகவரிகள் வந்தன.

கணவருக்கு அன்று மதிய ஷிப்ட். ஸ்கூட்டரை எடுத்தார். முகவரியைப் பாதி படிக்கும்போதே, “தெரியும், தண்ணித்தொட்டி ஸ்டாப்புக்கு அடுத்த சந்து” என்பார். அவள் தன் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டுக்கு அந்த அலுவலக வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையுமே வைத்துவிட்டாள். கதவருகே போய் நின்றாலே போதும். அலுவலகம் வந்துவிட்டதாக நினைத்து டேப்லெட் தானாகவே இணைந்து திறந்துகொள்ளும்.

“மந்திரவாதியாக்கா நீங்க?” என்று சிரித்தாள் ஒரு செவிலி.

“மந்திரமா? காலைல வச்ச சூனியத்தை எடுத்துட்டு வரேன்.”

ஏழாவது வீடு ஓர் அடித்தள அறை; கீழே சிக்னல் இல்லாததால் படிக்கட்டின் மேலேயே நின்று திறந்துவிட்டு இறங்கினாள். அங்கிருந்த செவிலியின் உள்ளங்கை முழுக்கப் பேனா எழுத்து. இரத்த அழுத்தம், சர்க்கரை எல்லாம் கையில்தான்.

“டேப்லெட் பூட்டிக்கிட்டதாலயா?”

“இல்லக்கா, தினமும் இப்படித்தான். இங்க நெட் இல்லைன்னா ஃபாரமே திறக்காது. கையைக் கழுவுறதுக்குள்ள வெளியே ஓடிப்போய் ஏத்தணும்.”

ஐந்து வாரமாகப் பின்ரூமில் உட்கார்ந்து அறுபத்திரண்டையும் பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு இது தெரியவே இல்லை. பதினொன்றரை மணிக்குக் கடைசி டேப்லெட்டும் திறந்ததும் நேரே அந்த அம்மாளிடம் போனாள். திட்டு வாங்கத் தயாராகத்தான் போனாள். வாங்கவும் செய்தாள், நன்றாகவே. எல்லாம் கேட்டுவிட்டு, இணையம் இல்லாமலேயே படிவம் திறக்கும்படி தன்னால் செய்ய முடியும் என்றாள்.

“அதைக் கேட்டு ரெண்டு வருஷமா நர்ஸுங்க என் உயிரை எடுக்கறாங்க. நீங்க ஏன் முதல்லயே சொல்லல?”

“இன்னைக்குத்தான் மேடம் பார்த்தேன்.”

பத்து நாளில் செய்து கொடுத்தாள். அதன்பிறகு எந்த விதியானாலும் முதலில் ஒரே ஒரு டேப்லெட், ஒரு நாள் கழித்து ஐந்து, அப்புறம்தான் மற்றவை. மாதத்தில் இரண்டு நாள் செவிலியர்களோடு வீடுவீடாகப் போனாள். அந்த அம்மாளே பல் மருத்துவமனைகள் நடத்தும் தன் அண்ணனிடம் இவளை அனுப்பிவைத்தார். அங்கிருந்து ஒரு பள்ளிக்கூடம்.

இது இரண்டாவது வருடம். பழைய அலுவலகத்தில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்த தோழி அடுத்த வாரம் இவளோடு சேர்கிறாள். நேற்று இருவரும் பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையில் உட்கார்ந்து, வரவேற்புப் பெண் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை கணினியைத் திட்டுகிறாள் என்று எண்ணினார்கள். பதினான்கு.

“இங்க நமக்கு நிறைய வேலை இருக்குடி” என்றாள் தோழி, முகமெல்லாம் பல்லாக.