வேம்பில் அறைந்த காதுவில்லை

சேந்தமங்கலம் சாலையில் பேருந்து பழுதாகி நிற்கிறது. வேலிக்கு அந்தப்புறம் புதிதாக நட்ட கன்றுகளில் எண் அட்டைகள் தொங்குகின்றன. காற்றைத் தூய்மையாக்கும் மரங்களுக்காக ஒரு நிறுவனம் உழவருக்குப் பணம் தருகிறது. இந்தப்புறம் பாவாயி என்ற பெண், தன் முதிர்ந்த வேம்புகளில் மாட்டின் காதில் குத்தும் மஞ்சள் வில்லைகளை அறைந்திருக்கிறார். என் குறிப்பேட்டைக் கண்டு விரைந்து வருகிறார்.

“நம்பரை எழுதிக்குங்க. அந்தப்பக்கம் கொழுந்தன் நட்ட கன்னுக்குத்தான் காசுங்களா? எம்பட மரம் மூச்சு உடாதுங்களா?”

நான் நிறுவனத்து ஆள் அல்லன் என்கிறேன். புதிதாக நடுவதற்கே பணம் என்றும் விளக்குகிறேன்.

“அப்ப வெட்டிப்போட்டு மறுக்கா வெக்கறனுங்க.”

பதறிப்போய்ச் சொல்கிறேன்: “இப்ப வெட்டினா பல வருஷத்துக்குத் திட்டத்துல சேத்துக்க மாட்டாங்கம்மா.”

அவர் கன்றுகளையே வெறிக்கிறார்.

“குச்சிக்கிழங்கு போட அவன் மரத்தையெல்லாம் அன்னைக்கே வெட்டிப்போட்டான். நானும் கூடவே வெட்டியிருக்கோணுமுங்க.”