முதலாளி திட்டாமல் விட்ட நாள்

செல்வராஜ் ராஜினாமா கொடுத்த காலையில் எங்கள் கம்பெனியில் ஒருவருக்கும் காரணம் விளங்கவில்லை. எனக்கு மட்டும் பாதி விளங்கியது.

பெங்களூரை ஒட்டிய அத்திபெலேயில் லேத் மெஷின்கள் ஓடும் சின்னத் தொழிற்சாலை அது. நான் அட்மின். செல்வராஜ் புரொடக்‌ஷன் சூப்பர்வைசர், கம்பெனி திறந்த நாள் முதல் இருப்பவர், பெங்களூர் நீலசந்திரா பகுதியில் குடியிருந்தார். முதலாளி பாஸ்கர் சாருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "ஏன்டா செல்வா, மூளையை நீலசந்திரா வீட்லயே வச்சுட்டு வந்துட்டியா?" என்று ஷாப் ஃப்ளோர் முழுக்கக் கேட்கும்படி கத்துவார். கத்தி முடித்ததும் இருவரும் சேர்ந்து டீ குடிப்பார்கள்.

கோபத்தால் ஒரு பெரிய கஸ்டமர் கைவிட்டுப் போனபின், சார் வாராவாரம் ஒரு லீடர்ஷிப் கோச்சிடம் போக ஆரம்பித்தார். முதலில் உன்னை ஆளு, பிறகு கம்பெனியை ஆளு என்பது அங்கே பாடம். வெளியே தெரிந்தால் அவருக்கு வெட்கம்.

"ஸ்டெல்லாம்மா, யாராவது கேட்டா பல் டாக்டர்கிட்ட போயிருக்கேன்னு சொல்லிடுங்க."

அப்படியே சொன்னேன். அதை நம்பி செல்வராஜ் கிராம்புத் தைலம் வாங்கிவந்து சார் மேஜையில் வைத்தார். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிறகு கஸ்டமருக்கு அனுப்பிய ஒரு லாட் சரக்கு முழுக்க ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தது. செல்வராஜ் திட்டு வாங்கத் தயாராக நின்றார். சார் தண்ணீர் குடித்தார், மூச்சை இழுத்து விட்டார். "பரவாயில்லைங்க செல்வராஜ், பார்த்துக்கலாம். தேங்க்ஸ்" என்றார். கோச் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார். செல்வராஜ் முகத்தில் ஈயாடவில்லை. அதற்குப்பின் சார் எதற்குமே கத்தவில்லை. மாதக் கடைசியில் ராஜினாமா வந்தது.

சாரும் நானும் நீலசந்திராவுக்கு அவர் வீடு தேடிப் போனோம்.

"ஏன்டா போற?" என்றார் சார்.

"திட்டுறவரைக்கும் நான் உங்க ஆளு சார். வெளியாளுக்குத்தான் நீங்க தேங்க்ஸ் சொல்லுவீங்க. நீங்க போகச் சொல்றதுக்கு முன்னாடி நானே போயிடறதுதான் மரியாதைன்னு பட்டுச்சு."

சார் அப்போதுதான் கோச்சிடம் போன கதையைச் சொன்னார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார். ஓசூர்ல ஒருத்தருக்கு வேலைக்கு வரேன்னு வாக்கு கொடுத்துட்டேன்."

வாக்கு மாறுகிற மனிதர் இல்லை அவர். காரில் திரும்பும்போது சார் அழுதார்.

சார் அதன்பின் யாரிடமும் கத்தியதில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் தங்கமான முதலாளி என்கிறார்கள், அது உண்மைதான். தலைமைப் பொறுப்புக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்களைத் திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் கூட இருப்பவர்களிடம் சொல்லிவிட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

நான் ரிட்டயர் ஆகி விடைபெறப் போன அன்றும் அந்தக் கிராம்புத் தைலம் சார் மேஜையில்தான் இருந்தது. மூடிகூடத் திறக்கவில்லை.